எவந்தியாவை நாங்கள் விற்கவில்லை

எங்கள் திரிமெனி தீவில் யாரையும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர். மொட்டையன் வீடு, மூன்று கழுதை வீடு, உப்பு திருடி வீடு. திருடி வீட்டுக்காரி கூடச் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் சிரிக்க முடியாத பெயர். விற்றவன் வீடு.

இருநூறு வருஷமாக அதுதான் பெயர். நான் லம்பிரினி, படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. நாக்கு நீளம் என்று ஊர் சொல்கிறது, நீளம்தான். இல்லாவிட்டால் இந்த ஊரில் பிழைத்திருக்க முடியுமா? என் தம்பி அர்கிரிஸுக்கு அந்த நாக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்தால் "விற்றவனைக் கேளுங்க" என்பார்கள். அவன் மீன் விற்க உட்கார்ந்தால் "இவன்கிட்ட விலை பேசு, எதையும் வித்துடுவான்" என்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஐம்பத்து மூன்று வயதிலும் குனிந்துகொண்டுதான் இருந்தான்.

நாங்கள் விற்றதாகச் சொல்லப்படுவது ஒரு கப்பல். எவந்தியா. 1807-இல் இந்தத் தீவின் கடற்கரையிலேயே கட்டியது. எதிர்க்கரையிலிருந்து கொண்டுவந்த பைன் மரம், இரண்டு பாய்மரம், முகப்பில் பச்சை உடை உடுத்திய ஒரு பெண் சிலை. கட்டியவர் எங்கள் வம்சத்துக் கப்பித்தான் லஸ்காரிஸ். பதினான்கு வருஷம் கருங்கடல் கோதுமையை ஏற்றிக்கொண்டு, போர்க்கப்பல்களின் முற்றுகைக்குள் புகுந்து புறப்பட்டு, தீவுக்கே சோறு போட்ட கப்பல். 1821-இல் சுல்தானுக்கு எதிராகத் தீவுகள் எழுந்தபோது, பக்கவாட்டில் ஓட்டை அறுத்துப் பன்னிரண்டு பீரங்கிகளை ஏற்றினார்கள். கோதுமைக் கப்பல் போர்க்கப்பல் ஆனது. நான்கு வருஷம் சண்டை. ஒரு சண்டையில் முகப்புச் சிலையே பீரங்கிக் குண்டில் பிய்ந்து கடலோடு போனது. அதே சண்டையில் லஸ்காரிஸின் மூத்த மகன் மூன்றாவது பீரங்கிக்குப் பக்கத்தில் விழுந்து செத்தான்.

இதுவரை எல்லாருக்கும் சம்மதம். இதற்கப்புறம்தான் வம்பு. 1825 குளிர்காலத்தில் எவந்தியா ஒரு நாள் கிளம்பிப் போனது, திரும்பி வரவில்லை. லஸ்காரிஸும் அவர் மைத்துனர்கள் இரண்டு பேரும் மட்டும் ஒரு துடுப்புப் படகில் வந்து இறங்கினார்கள். கப்பல் எங்கே என்று தீவு மூப்பர்கள் கேட்டார்கள். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மறு வருஷம் எதிரியின் துறைமுகமான அலெக்சாந்திரியாவில் பச்சை உடைப் பெண் சிலையோடு ஒரு கப்பலைப் பார்த்ததாக எவனோ ஒரு மாலுமி சொன்னான். அவ்வளவுதான். எதிரிக்கு விற்றுவிட்டான், மகன் ரத்தம் காய்வதற்குள் விற்றுவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிலைதான் முன்னாடியே பிய்ந்து போயிற்றே, மிதந்ததை எடுத்து எவனாவது தன் கப்பலில் மாட்டியிருக்கக் கூடாதா என்று ஒருத்தனாவது யோசித்தானா? யோசிக்கிற ஊரா இது!

பதினொரு வருஷமாக நான் அந்தக் கப்பலைத் தேடினேன். லீவு கிடைத்தால் ஏதென்ஸ் ஆவணக் காப்பகம். பழைய கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். லஸ்காரிஸின் மனைவி கலோமிரா, புருஷன் செத்த பிறகு சீரோஸ் தீவுக்குத் தன் அக்காவிடம் போனவள். அந்த அக்காவின் வம்சத்தில் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். பதில் போடாதவர்களுக்கு மறுபடியும் எழுதினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் காப்பிக் கடையில் சரந்திஸுடன் பெரிய சண்டை. சரந்திஸ் படகுத் தச்சன், என்னோடு படித்தவன், ஊரில் அவன் வாக்குக்கு மதிப்பு. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் எடுத்து வந்த ஒரு காப்பகத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"காகிதத்துல யாரு வேணா என்ன வேணா எழுதலாம் லம்பிரினி. உங்க ஆளு ஒருத்தரு எழுதினதை நீயே கொண்டாந்து காட்டுனா ஆச்சா?"

"வேற என்னடா காட்டணும்? கப்பலையே இழுத்துட்டு வரணுமா?"

"கப்பல் வேணாம். ஒரு மரத்துண்டு கொண்டா. எவந்தியா இந்தத் தீவுலதான் முடிஞ்சுச்சுன்னு காட்டுற ஒரே ஒரு மரத்துண்டு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், உன் தம்பி கால்ல விழுந்து மன்னிப்பு கேக்குறேன்."

"கேப்பியா?"

"என் அம்மா மேல சத்தியம்."

அர்கிரிஸ் மூலையில் உட்கார்ந்து காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "விடுக்கா, ஏன்க்கா இதெல்லாம்" என்றான். விடுவேனா நான்?

இனி இந்த வருஷக் கதை. செப்டம்பரில் சிலுவைத் திருநாள் அன்று நாங்கள் பாஷாவைக் கொளுத்துவோம். பாஷா என்றால் ஆள் இல்லை, கப்பல். எதிரித் தளபதியின் கப்பலை எங்கள் ஆட்கள் எரிகிற தீக்கப்பலை மோதவிட்டு எரித்த நினைவுக்காக, பழைய மரங்களை அடித்து ஒரு பொய்க் கப்பல் செய்து, தார் பூசி, துறைமுகத்தின் நடுவில் மிதக்க விட்டு, சூரியன் விழுந்ததும் எரிப்போம். தீப்பந்தம் பிடிக்கிற பெருமை வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு. மொட்டையன் வீட்டுக்குக் கிடைத்திருக்கிறது, உப்பு திருடி வீட்டுக்குக் கூடக் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

ஜூலையில் அர்கிரிஸ் எங்கள் பழைய எண்ணெய்க் கிடங்கின் கூரையைப் பிரித்தான். தொய்ந்து போயிருந்தது, எப்போது தலையில் விழுமோ என்ற பயம். ஓட்டுக்குக் கீழே போட்டிருந்த களிமண் மொத்தமும் கொட்டியது. நல்ல தடிமனான மரங்கள் இறங்கின. முகட்டு உத்திரம் மட்டும் நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே சரந்திஸ் வந்து நின்றான். பாஷா கட்டுவது அவன்தான்.

"அர்கிரிஸ், இந்த வருஷம் மரமே கிடைக்கல. இதைக் குடுத்தேன்னா பாஷாவுக்கு முதுகெலும்பே இதான்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், இந்த நாக்கால்தான் சொன்னேன்: "குடுத்துத் தொலைடா. நல்ல பேராவது கிடைக்கட்டும்."

கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் விழாக் குழு கூடி, மரம் இனாமாகக் கொடுத்த மனுஷனுக்கே இந்த வருஷத் தீப்பந்தம் என்று முடிவு செய்தது. சரந்திஸே வீட்டுக்கு வந்து சொன்னான். அர்கிரிஸ் உள்ளே போய், அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பொத்தான் பூட்ட முடியவில்லை, தொப்பை வந்துவிட்டது. நான்தான் உட்கார்ந்து பக்கவாட்டில் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

திருநாள் அன்று காலை தேவாலயத்தில் திருநீற்றுப்பச்சிலைக் கொத்து கொடுத்தார்கள். தம்பி அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். எனக்கு ஓய்வே இல்லை, கப்பல் மேல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மதியக் கப்பலில் எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. சீரோஸ் முத்திரை. பிரிக்க நேரம் எங்கே? கல்லாவுக்குக் கீழே போட்டுவிட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசிக் கப்பல் போனபோது சூரியன் மலைக்கு ஒரு விரல் மேலே இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உறையைப் பிரித்தேன். கலோமிராவின் அக்கா வம்சத்துக் கிழவி ஒருத்தி, பெட்டியடியில் கிடைத்ததாகச் சொல்லி ஒரு பழைய கடிதத்தின் நகலை அனுப்பியிருந்தாள். கலோமிரா அக்காவுக்கு எழுதியது. தேதி 1826 மார்ச். நின்றபடியே படித்தேன்.

"அக்கா, கப்பலை விற்றோம் என்று ஊர் காறித் துப்புகிறது. இவர் பேசாமல் இருக்கிறார். என்னையும் பேசக் கூடாதென்று சிலுவை மேல் சத்தியம் வாங்கிவிட்டார். உனக்கு மட்டும் எழுதுகிறேன். எவந்தியாவைத் தீக்கப்பல் ஆக்க வேண்டும் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். வெடிமருந்து நிரப்பி எதிரி மேல் விட்டுக் கொளுத்துவார்களாம். பிள்ளையின் ரத்தம் ஊறிய பலகையை எரிக்க விடமாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். நம் தம்பிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தீவின் பின்பக்கக் குடாவில் கப்பலைக் கரையேற்றி, பதினாறு நாளில் பிரித்துவிட்டார். பலகைகளைக் கல் கட்டி ஆழத்தில் இறக்கிவிட்டார்கள். பெரிய உத்திரத்தை மட்டும் விட மனசு வரவில்லை. நம் எண்ணெய்க் கிடங்குக்கு முகட்டு உத்திரமாகப் போட்டிருக்கிறார். சிலுவையும் எவந்தியா என்ற அவள் பெயரும் 1807 என்ற வருஷமும் வெட்டிய பக்கம் மேலே ஓட்டைப் பார்த்து இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. விற்றவன் என்று சொன்னால் சொல்லட்டும், அவள் எரியாமல் இருந்தால் போதும் என்கிறார்."

கடவுளே! எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வாய் விட்டுக் கத்தினேன். பதினொரு வருஷம்! விற்கவில்லை, நாங்கள் விற்கவில்லை! அடுத்த மூச்சில் 'எண்ணெய்க் கிடங்கு' என்ற வார்த்தையை மறுபடி படித்தேன். முகட்டு உத்திரம். நான்கு பேர் தூக்கிய உத்திரம். பாஷாவின் முதுகெலும்பு.

ஷட்டரைப் பூட்டவில்லை. கல்லாவை மூடவில்லை. ஓடினேன்.

தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டே ஓடினேன். துறைமுகம் முழுக்க ஜனம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினால், "பாரு, தம்பி பந்தம் பிடிக்கிறான்னு அக்காவுக்குத் தலைகால் புரியல" என்று சிரிக்கிறார்கள். தண்ணீர் ஓரத்துக்கு வந்தபோது போன் மணி சத்தம் எனக்குப் பக்கத்திலேயே கேட்டது. சரந்திஸ் கையில் தம்பியின் கோட்டு தொங்கியது. மணி அதன் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அர்கிரிஸ் தண்ணீரில் இருந்தான். சின்னப் படகு, துடுப்புப் போட ஒருவன், வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நிற்கிற என் தம்பி, கையில் எரிகிற பந்தம். பாஷாவை மூன்று தடவை சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்று முடிந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடா! சரந்திஸ், நிறுத்தச் சொல்லு!"

"உனக்கென்ன பைத்தியமாடி?"

"அது கப்பல்டா! அந்த மரம் எவந்தியா! இந்தா படி!"

அவன் தாளைத் தூரத்தில் பிடித்தான், கண்ணைச் சுருக்கினான். "கண்ணாடி இல்லாம எனக்கு எங்க தெரியுது? என்னன்னு சொல்லேன்," என்று திருப்பிக் கொடுத்தான்.

"எங்க கிடங்கு உத்திரத்துல, மேல் பக்கத்துல, ஒரு சிலுவை. அவ பேரு. 1807-னு வருஷம். நீதானே அதை இழைச்சே, நீதானே தார் பூசினே, பாக்கலையாடா?"

சரந்திஸின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கோட்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"சிலுவை இருந்துச்சு," என்றான். "1807-னு இருந்துச்சு லம்பிரினி. வருஷத்துக்கு முன்னாடி இருந்த எழுத்துல எல்லாம் களிமண் அடைஞ்சு கிடந்துச்சு. நான் கிடங்கு கட்டின வருஷம்னு... ஐயோ, நான் அதுமேலயே தார் பூசினேன்."

அடுத்த நொடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினான். "அர்கிரிஸ்! வேணாம்! எறியாதே!" நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது சுற்று தொடங்கினால் தேவாலய மணி அத்தனையும் அடிக்கும், துறைமுகத்துப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதும், அதுதான் எங்கள் வழக்கம். அந்த இரைச்சலில் எங்கள் இரண்டு பேர் குரலும் எங்கள் காதுக்கே கேட்கவில்லை. தம்பி எங்களைப் பார்த்தான். நாங்கள் கை ஆட்டுவதைப் பார்த்தான். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி கையை உயர்த்தி எங்களுக்குப் பதில் ஆட்டினான். பிறகு பந்தத்தை எறிந்தான்.

தார் பூசிய மரம், இருநூறு வருஷம் காய்ந்த மரம். எண்ணிப் பத்து முடிவதற்குள் முழுக் கப்பலும் எரிந்தது. உள்ளே வைத்த வெடிகள் வெடித்தன. பக்கப் பலகைகள் விழுந்த பிறகு நடுவில் அந்த உத்திரம் மட்டும் தனியாகத் தெரிந்தது, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிவப்பாக. ஊர் கை தட்டியது. உத்திரம் நடுவில் முறிந்து கடலுக்குள் இறங்கியது, உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நான் படகு கட்டுகிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அர்கிரிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிஜமாகவே தூக்கினார்கள், மொட்டையன் வீட்டு ஆளும் உப்பு திருடி வீட்டு ஆளும். "அர்கிரிஸ்! அர்கிரிஸ்!" என்று முழுத் துறைமுகமும் அவன் பெயரைச் சொன்னது. பட்டப்பெயரை யாரும் சொல்லவில்லை. என் தம்பி அழுதுகொண்டே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, பாத்தியா? கேட்டியா அவங்க கூப்பிட்டதை?"

சரந்திஸ் முன்னால் போகக் காலெடுத்தான். நான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"வேணாம் சரந்திஸ். இன்னிக்கு மட்டும் விடு. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணேன் லம்பிரினி. என் அம்மா மேல."

"சத்தியத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு! அவன் மூஞ்சியைப் பாருடா!"

பார்த்தான். பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். வாக்கு என்றால் வாக்கு என்று நிற்கிற ஆட்கள், அதனால் எவன் செத்தாலும் சரி! நேராகப் போய்க் கூட்டத்தை நிறுத்தினான். தம்பியைக் கீழே இறக்கச் சொன்னான். அந்தத் தச்சன், ஊருக்கே பெரிய மனுஷன், என் தம்பியின் கால் பக்கத்தில் ஈரக் கல்லில் மண்டி போட்டான். சத்தம் அடங்கியது.

"எந்திரிங்க சரந்திஸ் அண்ணே, என்ன இது, ஏன் இப்படி," என்று அர்கிரிஸ் பதறினான்.

சரந்திஸ் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். கடிதத்தில் இருப்பதாக நான் கத்தியதைச் சொன்னான். சிலுவையைச் சொன்னான், வருஷத்தைச் சொன்னான், தார் பூசிய தன் கையை விரித்துக் காட்டினான். "இந்தக் கண்ணால பாத்தேன். உங்க ஆளு விக்கல அர்கிரிஸ். எங்க அப்பனும் தாத்தனும் பொய் சொன்னாங்க, நானும் சொன்னேன். மன்னிச்சுடு."

மொட்டையன் வீட்டு ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தம்பி என்னிடம் வந்தான். தாளை வாங்கினான். பழைய எழுத்து அவனுக்குப் படிக்க வராது. "படிச்சுக் காட்டுக்கா," என்றான். படித்தேன். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அவன் விடவில்லை. "முழுசாப் படிக்கா." விற்றவன் என்று சொன்னால் சொல்லட்டும், அவள் எரியாமல் இருந்தால் போதும் என்கிறார்.

அர்கிரிஸ் திரும்பிக் கடலைப் பார்த்தான். தண்ணீரில் நான்கைந்து கட்டைகள் புகைந்துகொண்டு மிதந்தன. சட்டைப் பையிலிருந்த பச்சிலைக் கொத்து புகையில் வாடித் தொங்கியது.

"அப்போ நாம விக்கல. இல்லக்கா?"

"விக்கலடா."

"இருநூறு வருஷமா அவரு காப்பாத்தி வெச்சிருந்தாரு."

"ஆமாடா."

"எரிச்சுட்டோம்," என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னான். கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தான். கூட்டம் விலகி வழி விட்டது.

மறுநாள் காலை சரந்திஸ் தன் ஆட்களோடு முங்கிப் பார்த்தான். கரிதான் வந்தது, கையில் எடுத்தால் பொடியாக உதிர்கிற கரி. நான் டிக்கெட் கூண்டைத் திறந்தேன். திறந்துதானே ஆக வேண்டும். முதல் ஆளாக வந்து நின்றவள் மூன்று கழுதை வீட்டுக்காரி. எப்போதும் கத்திப் பேசுகிறவள், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாள், பாவம், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எரிச்சவன் வீட்டு லம்பிரினி, பிரேயஸுக்கு ஒண்ணு குடும்மா."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். இந்த நாக்கு எத்தனை பேரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறது! அன்று ஒன்றும் வரவில்லை. இருநூறு வருஷத்தில் முதல் தடவையாக எங்களை உண்மையான பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், நான் என்னவென்று சண்டை போடுவது? டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.